இருபத்தைந்து ஜெராக்ஸும் அரை கிளாஸ் பீரும்

சேலையூர், கிழக்குத் தாம்பரம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஜெயஸ்ரீ அம்மா அவர்களுக்கு,

ரத்தினபாய் சுவிசேஷமுத்து எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே வலது கண் சுகம். இடது கண் அடுத்த மாதம் சுகமாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களும் இரண்டு கண்களோடும் சௌக்கியமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள், அதுவும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். அந்த ஐந்து வகுப்பிலும் முதலாவதாக வந்தவள் என்பதையும் கையோடு எழுதிவிடுகிறேன். ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது புதுக் கண்ணாடியின் பிழை.

தங்கள் செல்போன் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் ‘ஒற்றை இலை’ என்று எழுதுகிற எபி என்னுடைய மகள் வயிற்றுப் பேரன். அவன் அம்மாவும் அப்பாவும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். அவனுக்கு முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பெருங்களத்தூரில் தனியாக வீடு எடுத்து இருக்கிறான். இங்கேயே வந்து இருடா என்றால், ஆபீஸ் பஸ் அங்கேதான் நிற்கிறது என்பான். தனியாக இருக்கிறவன் எங்கே போய் என்ன சாப்பிட்டான் என்பதுதான் அவன் எழுத்து என்பது தங்களுக்குத் தெரியும். படப்பை சந்தையில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றதை எழுதினான். சிங்கப்பெருமாள் கோவிலில் புளியோதரைக்கு வரிசையில் நின்றதை எழுதினான். வேதக்காரப் பையனுக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் சபையில் இரண்டு பேர் கேட்டார்கள், பசி என்று நான் பதில் சொன்னேன். அவன் எழுதுவதை ஒரு வாரம் விடாமல் கேம்ப் ரோட்டில் பொன்னுசாமியின் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பெரிய எழுத்தில் எடுக்கச் சொல்லி, இருபத்தைந்து பிரதி போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என் கையாலேயே கொடுப்பேன். இதைத் தங்களிடம் முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, மன்னிக்கவும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சபையில் ஞானம்மாள் என்று ரிட்டையர் ஆன டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். அவள் மகள் ஆஷாவும் டீச்சர்தான், முப்பத்தொரு வயது, பாட்டுக் குழுவில் பாடுகிறவள். சமைக்கவும் தெரிந்து, சாப்பாட்டைப் பற்றி மரியாதையாக எழுதவும் தெரிந்த பையன் என்று ஞானம்மாளுக்கு எபியின் மேல் ஒரு பிரியம் வந்து, அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் எனக்குக் கண்புரை ஆபரேஷன். பழைய கண்ணாடி பொருந்தாது, புதுக் கண்ணாடி வரவில்லை. அதற்காக ஜெராக்ஸ் நிற்குமா? கடைக்குப் போனேன். பொன்னுசாமி மெஷினில் வைத்தவன் காகிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தான்.

“இன்னா பாட்டி, இந்த வாரம் தலைப்பே ஒரு மாதிரி கீது. படிச்சிட்டியா?”

“என் பேரன் எழுதினதை நான் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா? நீ போடுப்பா.”

“போட்டுர்றேன். அப்பால என்னாண்ட பேஜார் பண்ணக்கூடாது.”

இருபத்தைந்தையும் ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். போதகரம்மாவுக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன், அவர் அக்காவுக்கு அனுப்புவதற்கு. அன்று சாயங்காலம் வரை ஒருத்தரும் போன் செய்யவில்லை. எழுத்து அவ்வளவு உருக்கமாக இருந்திருக்கிறது, பேச்சே வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஞானம்மாள் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, உங்க கையாலயே குடுத்தீங்களே, படிச்சுட்டுத்தான் குடுத்தீங்களா?”

“ஒவ்வொரு வரியும் மனப்பாடம்மா,” என்றேன். கர்த்தர் மன்னிப்பாராக.

“அப்ப பீர் குடிச்சதும் உங்களுக்குத் தெரியும்.”

“யாரு குடிச்சது?”

“உங்க பேரன்தான். பெங்களூர்ல உக்காந்து ஏதோ கிராஃப்ட் பீராம், குடிச்சேன்னு எழுதியிருக்காரு. அது உங்க ஆப்பமாவு மாதிரி மணந்துச்சாம். அந்தக் காலத்துல நீங்க கள்ளு ஊத்தித்தான் மாவைப் புளிக்க வெப்பீங்களாம். அதையும் எழுதியிருக்காரு.”

போனை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு அவளே சொன்னாள்.

“வர்ற சனிக்கிழமை எங்களுக்கு ஒரு வேலை வந்துடுச்சு பெரியம்மா.”

“என்ன வேலைம்மா?”

“இனிமேதான் பார்க்கணும்,” என்று போனை வைத்துவிட்டாள்.

அம்மா, எங்கள் சங்கத்தில் வருஷப் பிறப்பன்று மது தொடமாட்டோம் என்கிற உறுதிமொழியை முன்னால் நின்று வாசிக்கிறவள் நான்தான், பதினான்கு வருஷமாக. என் கையாலேயே இருபத்தைந்து பேருக்குப் பீரைப் பரிமாறியிருக்கிறேன். எபிக்கு போன் போட்டுத் திட்டினேன். ஆச்சி, அது கடைப் பீர் மாதிரி இல்லை, அங்கேயே சின்னச் சின்ன அண்டாவில் காய்ச்சுவது, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள் என்று எனக்கு விளக்கம் சொன்னான். கொத்தமல்லி விதை போட்டுக் காய்ச்சினால் அதற்குப் பெயர் கஷாயம்தானே? அதனால் தாங்கள் தயவுசெய்து அடுத்த சனிக்கிழமை, ‘சென்ற வாரம் பீர் என்று வந்த இடங்களில் எல்லாம் கஷாயம் என்று திருத்தி வாசிக்கவும்’ என்று ஒரு வரி போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை மனதில் எழுதத் தொடங்கினேன். கள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா பனை ஏறினவர். எங்கள் ஊரில் அன்றைக்குக் கள் ஊற்றாமல் யார் வீட்டு ஆப்பம் எழும்பியது? மாவுதான் குடித்தது, நாங்கள் குடிக்கவில்லை. இப்போது எல்லாரையும் போல ஈஸ்ட்தான் போடுகிறேன், சொன்னால் வெட்கம், அந்த மணம் வருவதே இல்லை. அவனுக்கு ஐந்து வயதில் முகர்ந்த மணம் முப்பது வருஷம் மூக்கில் இருந்திருக்கிறது, அதற்கு அவனை என்ன செய்ய?

புதன்கிழமை மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆஷா. கையில் நான் கொடுத்த ஜெராக்ஸ்.

“பாட்டி, அம்மாவுக்குத் தெரியாம வந்திருக்கேன். ஒண்ணு கேக்கணும். இதைக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா?”

அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. “கண்ணே தெரியலம்மா,” என்றேன்.

“அம்மாவும் பீர்ங்கிற இடத்தோட நிறுத்திட்டாங்க. நான் வாசிக்கிறேன், கேளுங்க,” என்று என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தாள். தாங்கள் வாசித்துத்தான் போட்டிருப்பீர்கள். இருந்தாலும் இப்போது கண்ணாடி வந்துவிட்டதால் நானே பார்த்து எழுதுகிறேன், எனக்கு எழுதிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

‘பெங்களூரில் பெரிய வேலை தருவதாகக் கூப்பிட்டார்கள். பேசி முடித்துவிட்டு ஒரு கிளாஸ் பீர் வாங்கினேன். நுரையில் மூக்கை வைத்ததும் ஆச்சியின் மாவுப் பானை மணந்தது. தாத்தா போனபிறகு ஆச்சி தன் ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவதில்லை. பாலில் ரஸ்க் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, மீன்குழம்பு வைத்தேன் என்று போனில் சொல்வார். நானும் நம்பியதுபோல, புளி சரியாக இருந்ததா என்று கேட்பேன். தனிக்கட்டையாக இருக்கிற பேரன் பாவம் என்று எனக்காகச் சனிக்கிழமை மட்டும் மாவு அரைப்பார். ஆறு ஆப்பம் சுடுவார். எனக்கு நான்கு, அவருக்கு இரண்டு. அந்த இரண்டை விட்டுவிட்டு எந்த ஊருக்கும் போக எனக்குத் தைரியம் இல்லை. பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.’

வாசித்து முடித்த ஆஷா காகிதத்தை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். அவன் தாத்தா போனதிலிருந்து பதினோரு வருஷமாக நான்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் அம்மா. பால்காரர் கணக்காக வாரம் தவறாமல் வருகிறான், நாக்கு ருசி தேடுகிற பையன் என்று பெருமைப்பட்டேன். ரஸ்க் டப்பாவை அவன் வருகிற அன்று பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். பார்த்திருக்கிறான்.

“ஆஷா, நீ இதுக்காகக் கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லிடாதே,” என்றேன்.

“ஐயோ பாட்டி, நான் கல்யாணத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. எனக்கும் தனியா இருக்கிறது பிடிச்சுத்தான் இருக்கு. ஒரு நாள் ஆப்பம் சாப்பிட வரேன்னு சொல்லலாம்னு வந்தேன்.” எழுந்து போனவள் வாசலில் திரும்பி, “பாதி கிளாஸ்தானே குடிச்சிருக்காரு. அம்மா கிட்ட அதையாவது சொல்றேன்,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை எபி வந்தான். பெங்களூர் என்று கேட்க வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். வேறு பக்கமாகக் கேட்டேன்.

“ஏல, மீதிப் பாதியை என்ன செஞ்ச?”

“வெச்சுட்டு வந்துட்டேன் ஆச்சி.”

“காசு குடுத்து வாங்கினதை யாராவது மீதி வைப்பாங்களா? உன் தாத்தா மருந்துப் பாட்டிலையே கழுவிக் குடிச்ச மனுஷர்.”

சிரித்துக்கொண்டே மூன்றாவது ஆப்பத்தைப் பிய்த்தான். நான் என் தட்டைப் பார்த்தேன். இரண்டு இருந்தது. அன்றைக்கு வரை அது எனக்கு வெறும் இரண்டு ஆப்பம்தான்.

நாற்பத்தெட்டு வருஷம் ஒரு மனுஷருக்குச் சமைத்துப் போட்டவள் நான். அவர் சாப்பிடும்போது பேசமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டல் இல்லாமல் எதற்கு அரைக்க, எதற்குத் தாளிக்க என்றுதான் விட்டுவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஆனால் வாழவேண்டிய பிள்ளை என் இரண்டு ஆப்பத்துக்குக் காவல் இருப்பதா? தனியாக இருப்பது அவனுக்குப் பிடித்திருந்தால் இருக்கட்டும், அது அவன் இஷ்டம். எனக்காக இருக்கக் கூடாது. அதனால் திங்கட்கிழமை ஒரு ஆழாக்கு அரிசி ஊறப்போட்டேன். ஒரு ஆழாக்கு மிக்சியில் சுற்றவே மாட்டேன் என்கிறது, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தண்ணீரைத் தெளித்துத் தள்ளித் தள்ளி அரைத்தேன். செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய் ஒரே ஒரு சங்கரா மீன் கேட்டேன். மீன்காரம்மா, “இன்னா ஆயா, பூனைக்கா?” என்றாள். “எனக்கு,” என்றேன். நிஜமாகவே குழம்பு வைத்தேன், இரண்டு ஆப்பம் சுட்டேன், மேஜையில் தட்டு வைத்து, ஜெபம் செய்து, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகையால் அம்மா, முதலில் கேட்ட கஷாயத் திருத்தம் வேண்டாம். பீர் பீராகவே இருக்கட்டும், சங்கத்தில் நான் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை அவன் எழுதுகிற பக்கத்திலேயே, அவன் எழுத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில் போடுங்கள். நேரில் சொன்னால் நம்பமாட்டான், அச்சில் வந்தால் நம்புவான். ஏல எபி, உன் ஆச்சி தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள், இனியும் சாப்பிடுவாள், நீ பெங்களூர்க்காரர்களுக்கு மறுபடி எழுது, போ.

தங்கள் பத்திரிகை பெருகவும், தங்கள் கையில் இருக்கிற பேனாவுக்கு வாட்டம் வராதிருக்கவும், தங்கள் வீட்டில் சாப்பிட உட்காருகிறவர்கள் எண்ணிக்கை குறையாதிருக்கவும் வாழ்த்தி ஜெபிக்கிற,

ரத்தினபாய் சுவிசேஷமுத்து.

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயங்காலம். மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், நாளைக்குத்தான் தபால்பெட்டிக்கு யாராவது போவார்கள் என்று வைத்திருந்தேன். இன்று காலையில் எபி வந்தான். சாப்பிட்டுக்கொண்டே, “செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சி சாப்பிட்டீங்க?” என்று வழக்கம்போல ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டு வந்தான். மீன்குழம்பு என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். “ரஸ்க்தான்டா,” என்று வாயில் வந்துவிட்டது. முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான், பாவம், கண் கலங்கி, இனிமேல் புதன்கிழமையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆகவே உறையைப் பிரித்து இதைச் சேர்த்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் எந்தக் காரணத்தைக் கொண்டும் போட வேண்டாம். பெங்களூர் எங்கேயும் ஓடிவிடாது. பிறகு ஏன் அனுப்புகிறாய் என்று கேட்பீர்கள். இதை நான் ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் போய்விட்டது அம்மா, அதனால் தங்களிடம் சொல்லிவைக்கிறேன்: செவ்வாய்க்கிழமை மீன்குழம்பு மிகவும் நன்றாக வந்திருந்தது.