மாதாமாதம் சிகரெட்டை விடும் அண்ணனுக்கு

அன்பும் மரியாதையும், பழைய பழக்கத்தில் கொஞ்சம் பயமுமாக, என் அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது உன் காலைப் பற்றிய கடிதம் அல்ல. ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, தெருமுனை வரைக்கும் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, சிகரெட்டை நிறுத்தாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார், நீ தலையாட்டிவிட்டு வெளியே வந்து முதல் வேலையாக ஒன்று பற்றவைத்தாய் என்பதையெல்லாம் அண்ணி போனில் சொன்னார். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை புத்தி சொல்ல மாட்டேன். யாருக்கும் புத்தி சொல்லாதீர்கள் என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்லித்தானே இத்தனை வருஷம் வயிறு வளர்த்தேன்!

என் வேலை என்ன என்று நீ உருப்படியாகக் கேட்டதே இல்லை. யார் விசாரித்தாலும், "என் தங்கச்சி ஆஸ்பத்திரியில நர்ஸுங்களுக்கு சிகரெட் கிளாஸ் எடுக்கறா" என்று சொல்லிச் சிரிப்பாய். புகையிலையை விட முடியாமல் தவிக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது, என்ன மருந்து கொடுப்பது என்று நர்ஸ்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் நான் பயிற்சி கொடுக்கிறேன். திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது. காது கொடுத்துக் கேட்டு, முடிவை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். இதைப் புத்தகத்தில் பார்த்துப் படித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பே குறட்டை விடும். அதனால் ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர்கள் பேசிப் பழகுவார்கள். நோயாளி வேஷம் எப்போதும் எனக்குத்தான். அந்த நோயாளி யார் தெரியுமா? நீ.

ஆமாம், கோபித்துக்கொள்ளாதே. சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே வருவேன். ரயில் கிளம்புகிற மாதிரி செருமுவேன். "நான் நெனச்சா நாளைக்கே விட்டுடுவேன், நெனைக்கத்தான் நேரமில்ல" என்பேன். "பக்கத்து வீட்டுக்காரன் இதைத் தொட்டதே இல்ல, போய்ச் சேர்ந்துட்டான், நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன் பாரு" என்பேன். எல்லாம் உன் வசனம், ஒரு எழுத்து மாற்றவில்லை. பாவம், அந்தப் பிள்ளைகள் சளைக்காமல் பேசிப் பேசி, சாயங்காலத்துக்குள் உன் மனதை மாற்றிவிடுவார்கள். நீயும் விடுவதற்கு ஒரு தேதியைக் குறித்து, கைகுலுக்கிவிட்டுப் போவாய். மாதாமாதம் இதே கதை. பழைய மாணவிகள் வழியில் பார்த்தால், "உங்க அண்ணன் எப்படி இருக்காரு மேடம்?" என்று விசாரிக்கிறார்கள். "விட்டுட்டாரும்மா" என்பேன். 'வகுப்பில்' என்பதை மட்டும் மனசுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

போன வாரம் என் கடைசி வகுப்பு. அடுத்த மாதத்திலிருந்து நான் வீட்டோடு. கடைசி வகுப்பாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று நினைத்தேன், அது நடக்குமா? மருந்துப் பாடம் எடுக்கும் நெஞ்சு டாக்டர், நிக்கோடின் சூயிங்கத்தை மெதுவாக இரண்டு கடி கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும், வேகமாக மென்றால் விக்கல் வரும் என்று விளக்கினார். விளக்குகிற உற்சாகத்தில் தானே ஒன்றை வாயில் போட்டு, பேசிக்கொண்டே சாதா சூயிங்கம் மாதிரி மென்று தள்ளிவிட்டார். "நோயாளிகிட்ட, விக், பொறுமையா, விக், சொல்லணும்" என்று அவர் படுகிற பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முகம் கழுவ பாத்ரூமுக்கு ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால், நோயாளி நாற்காலியில் யாரோ ஒரு பெரியவர். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. நான் ஏற்பாடு செய்த புது நடிகர் என்று நினைத்து, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறார். "என்னமா நடிக்கிறாரு மேடம்! திங்கக்கிழமையிலேருந்து விட்டுடறேன்னு ஒத்துக்கிட்டாரு" என்றாள் ஒருத்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, நீங்க யாரு?" என்றேன். அவர் கஷ்டப்பட்டு வாயைத் திறந்து, "பல்லு புடுங்கறது இங்கதானேம்மா?" என்றார். மனுஷர் பிறந்ததிலிருந்து புகையிலையைத் தொட்டதே இல்லையாம். "அப்புறம் ஏன்யா விடறேன்னு ஒத்துக்கிட்டீங்க?" என்றால், "இவ்வளவு தன்மையா யாரும்மா எங்கிட்ட கேட்டிருக்காங்க? இல்லன்னு சொல்ல மனசு வரல" என்கிறார். அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கடைசி முறையாக நான் நீயாகி உட்கார்ந்தேன்.

அன்று முழுக்க வாயே திறக்காமல் இருந்த ஒரு நர்ஸ் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் உன் வசனங்களோடு மல்லுக்கட்டவில்லை. "இதுல உங்களுக்குப் புடிச்சது என்னங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்த கேள்விதான். ஆனால் அதற்கு உன் பதில் என்னிடம் இல்லை, நீ சொன்னதே இல்லையே. என் பதில்தான் வந்தது. அப்பா போனபிறகு நீ படிப்பை விட்டுவிட்டு அச்சாபீஸ் வேலைக்குப் போனாயே, அந்தச் சாயங்காலங்கள் வந்தன. படியேறும்போதே மையும் சிகரெட்டும் கலந்த வாசனை உனக்கு முன்னால் வந்துவிடும். அது வந்தால் அண்ணன் வந்தாச்சு, இனிப் பயமில்லை. சிகரெட் பாக்கெட்டிலிருக்கும் வெள்ளித்தாளை நகத்தால் நீவி எனக்குக் குட்டிக் கோப்பை செய்து கொடுப்பாய். காலிப் பெட்டிகளை ஒட்டி ரயில் செய்து, பாட்டுப் பாடி ஓட்டுவாய். அந்த நாள் ஒன்றே ஒன்று திரும்பி வந்தாலும் போதும் என்றிருக்கிறது. சிகரெட்டை ஒழிப்பதே பிழைப்பாக இருந்துகொண்டு, பஸ்ஸில் யாராவது அந்த வாசனையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இறங்க மனசில்லாமல் ஒரு நிறுத்தம் தாண்டிப் போகிறேன். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிச் சொல்லி விசும்பிவிட்டேன். என் நடிப்புக்கு வகுப்பே கைதட்டியது. "இன்னிக்குத்தான், விக், தத்ரூபமா இருந்துச்சு" என்றார் நெஞ்சு டாக்டர். ஆனால் அண்ணா, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அன்றைக்கு நீ தேதி குறிக்காமலே எழுந்து போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போகட்டும். நான் சொல்லிக்கொடுத்தபடியே நானும் நடப்பதுதான் நியாயம். மருந்து பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கேள், சொல்கிறேன். கேட்காவிட்டால் மூச்சு விட மாட்டேன். உன் உடம்பு, உன் முடிவு. அண்ணிக்கு என் அன்பைச் சொல். இருவரும் நூறாண்டு நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உன் பிரியமுள்ள,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒரு முறை படித்துப் பார்த்தேன். உன் முடிவாம்! பச்சைப் பொய். இனி நான் யாருக்கும் பாடம் எடுக்கப் போவதில்லை, எனக்கென்ன சட்டம்? வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மருந்து மாத்திரை, சூயிங்கம் எல்லாவற்றோடும் வந்து இறங்குகிறேன். நீ விடும் வரைக்கும் அங்கேதான் இருப்பேன். உன் ஒரு வசனத்தையும் காது கொடுத்துக் கேட்க மாட்டேன். திட்டுவேன். மிரட்டுவேன். அதற்கும் நீ மசியாவிட்டால், தெருவே வேடிக்கை பார்த்தாலும் சரி, உன் காலைப் பிடித்துக் கெஞ்சுவேன். இரண்டு காலையும். விட்டுடுண்ணா.