மேலே போன கல் கீழே வரணும்

வீடு கட்டும் இடத்தில் தொழிலாளர் அதிகாரி வந்து இறங்கியபோது பதினாலு வயதுப் பெண்ணின் தலையில் நாலு செங்கல் இருந்தது.

"யார் வீட்டுப் பொண்ணு இது?"

"என் பொண்ணுதாங்க சார்" என்றாள் சித்தாள், தன் தலையிலிருந்த பன்னிரண்டையும் இறக்காமலே.

மேஸ்திரி அவள் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "கெடுத்தியே. பிள்ளைய வேலைக்கு வச்சேன்னு என்னை உள்ள தள்ளிடுவாங்க. நீ நாளைக்கு வேற இடம் பாத்துக்க."

வேற இடம் கிடையாது. மூன்று மாதம் அலைந்து கிடைத்த வேலை இது. மேல்தளம் முடியும்வரை அடுப்பு எரியும் என்று நம்பியிருந்தாள்.

"வேலை செய்யலைங்க சார். உடற்பயிற்சி செய்யுது."

பொய்யில்லை. பள்ளிக்கு வந்த டாக்டர், இவள் மகளைச் சோதித்து, தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அசையணும் என்று சீட்டு எழுதியிருந்தார். ரெண்டு மாடி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாள் முழுக்க ஓடியது கைப்பேசியில் கட்டைவிரல் மட்டும்தான். ஓடி விளையாடப் பள்ளியில் இடமில்லை; மைதானத்தில் கட்டடம் எழும்பி வருஷம் ரெண்டாகிறது. சித்தாளுக்குத் தெரிந்த உடற்பயிற்சி ஒன்றே ஒன்று. பதினெட்டு வருஷமாகச் செய்கிறாள். விடுமுறை நாளில் மகளையும் அழைத்து வந்துவிட்டாள்.

அதிகாரி சீட்டை வாசித்தார். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பயிற்சின்னா கல்லு ஏம்மா மேல போகுது?"

"படி மேலதானே சார் போகுது."

"அங்கதான் விஷயமே. போன கல்லு சுவத்துல உக்காந்துட்டா அது வேலை. கீழ திரும்பி வந்துட்டா பயிற்சி. இறக்கச் சொல்லு."

மகள் ஏற்றிய நாற்பதையும் இறக்கும்வரை நின்று எண்ணினார். மேலே கலவை இறுகுவதைப் பார்த்துக் கொத்தனார் கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அதிகாரி மறுபடி வந்தார். வண்டியிலிருந்து அதிகாரியின் மகனும் இறங்கினான்.

"இவனும் அப்படித்தாம்மா. குனிஞ்சு செருப்பு போடவே யோசிக்கிறான். ஒரு மணி நேரம் பாத்துக்க."

மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அதற்கடுத்த வாரம் பதினோரு பிள்ளைகள். தொப்பி, கையுறை, தண்ணீர் பாட்டில். அம்மாக்கள் சிமெண்டு மூட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"எங்க பையனுக்கு மட்டும் ஏங்க ரெண்டு கல்லு? அவன் என்ன குறைஞ்சவனா?"

மகள் இப்போது மூச்சு வாங்காமல் ஏறினாள். கூடவே அதிகாரமும் ஏறியிருந்தது. "கழுத்தை ஆட்டாத. படியப் பாக்காத, முன்னால பாரு."

மேஸ்திரி, கூட்டம் அசந்த நேரம் பார்த்து, கொத்தனாரிடம் இருபது கல்லைச் சுவரில் வைக்கச் சொன்னார். சாயங்காலம் அதிகாரியின் மகன் எண்ணிப் பார்த்தான். இருபது குறைந்தது. நேர்மையான பையன். ஈரச் சுவரிலிருந்து இருபதையும் பிடுங்கி இறக்கினான். கை பழகிவிட்டதால் முந்தின நாள் வைத்ததிலும் ரெண்டு வரிசை வந்துவிட்டது.

"மேல போனதெல்லாம் கீழ வரணும்னு அப்பா சொல்லியிருக்காங்க அங்கிள்."

வீடு வாரத்துக்கு வாரம் குட்டையாகிக்கொண்டிருந்த நிலையில்தான் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். அம்மாக்களிடம் ஏதோ விசாரித்தார். பிறகு மேஸ்திரியைத் தனியே அழைத்துக்கொண்டு போனார்.

"போச்சு" என்றாள் சித்தாள். மகளைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

திங்கட்கிழமை, வந்தது வரட்டும் என்று சும்மாட்டுத் துணியோடு கிளம்பினாள். பள்ளி மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாசலில் புதிதாகக் காவலாளி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே விசில் சத்தம்.

"மேஸ்திரி இருக்காரா?"

"அவர்தான் ஊதுறார்."

"சுவர் வேலை?"

"வீடு கட்டலையாம்க்கா. பிள்ளைங்க கூட்டம் தாங்கல. சுவர் எழும்பினா கல்லு தீந்துடும்ல."

"அப்ப நான் கல்லு தூக்க வேணாமா?"

காவலாளி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"தாராளமா தூக்குக்கா. முதல்ல மாசக் கட்டணத்தைக் கட்டு."