சட்டையில் விளைந்த கபர்னே

என்னுடைய 1964ஆம் வருட டைரியில், ஒரு சனிக்கிழமையின் கீழ் இப்படி இருக்கிறது: "திராட்சை பற்றிப் பேசினேன். வெள்ளைச் சட்டை ஒன்று நஷ்டம்." நடந்ததில் பாதியைக்கூட எழுதவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

செம்பூரில் ஒரு பாய்லர் கம்பெனியில் எனக்கு ஆறு மாத புரொபேஷன் முடியும் சமயம். மெஷின் பொருத்த வந்திருந்த பிரெஞ்சு இன்ஜினியர், பேச்சுத் துணையில்லாமல் முகம் வாடியிருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய், நீர் எதையாவது படிச்சிண்டே இருப்பீரே! சாயங்காலம் அவர் ரூமுக்கு வாரும். அவா ஊர் ஒயினைப் பத்தி நாலு வார்த்தை பேசும். மனுஷன் மனசு குளுந்தா உம்ம வேலை பெர்மனன்ட்."

மாட்டுங்கா லைப்ரரிக்கு ஓடி, கலைக்களஞ்சியத்தில் கபர்னே சாவின்யோன் என்ற திராட்சையை மனப்பாடம் செய்தேன். சின்னப் பழம், தடித்த தோல், தாமதமாகத்தான் பழுக்கும். அந்தத் தோலிலிருந்துதான் கருஞ்சிவப்பும் துவர்ப்பும். வாசனையில் தேவதாரு மரம். (அதுவரை நான் அறிந்த திராட்சை, பாயசத்தில் மிதப்பது.)

சாயங்காலம் அவர் ரூமில் அப்படியே ஒப்பித்தேன். இன்ஜினியர் மலர்ந்துபோனார். "இவ்வளவு தெரிந்தவர் ருசி பார்க்க வேண்டாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு ஒரு கிளாஸை நீட்டினார். மதுவிலக்குக் காலம். அவரிடம் குடிப்பதற்குப் பர்மிட் இருந்தது; என்னிடம் இருந்தது டிப்போவில் பால் வாங்கும் கார்டு. மேனேஜரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

வேலையை நினைத்து வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் காபியானாலும் தண்ணீரானாலும் உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்போம். கை தானாக உயர்ந்தது. டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருக்கும், ஒயின் கிளாஸின் விளிம்போ உள்பக்கம் வளைந்திருக்கும் என்று கலைக்களஞ்சியம் சொல்லவில்லை. முதல் துளி மூக்கில். மீதி முழுவதும் சட்டையில்.

"ஓய், வாயை வச்சுக் குடியும்!" என்று மேனேஜர் அலறினார்.

இன்ஜினியர் என்னை விளக்கருகே இழுத்துக் கறையைப் பார்த்தார். "நிறம் சரியாக இருக்கிறது" என்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை! அடுத்த கிளாஸைத் தானே அண்ணாந்து முயன்று, டையை நனைத்துக்கொண்டார்.

திங்களன்று பெர்மனன்ட் ஆர்டர் வந்தது. சட்டைதான் தேறவில்லை. மனைவி கமலா சோடா உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தாள். "தடிச்ச தோல் பழம், சாயம் லேசுல போகாது" என்று விளக்கினேன்.

"படிச்சதெல்லாம் சரியாத்தான் இருக்கு. குடிக்கத்தான் தெரியலை உங்களுக்கு."

இன்றும் நான் புத்தகத்தைக் காட்டி எதையாவது விளக்க ஆரம்பித்தால், பேரன்கள் இதையே ஹிந்தியில் சொல்கிறார்கள்.

ஊர் திரும்பிய இன்ஜினியர், தன் வீட்டார் அத்தனை பேருக்கும் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டதாகக் கடிதம் எழுதினார் என்று மேனேஜர் சொன்னார். அந்தக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே, உறுதிப்படாத தகவல் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.