மகோகா ஒழித்த கேம் பெட்டி

“உங்க வீட்லயே ஒண்ணு இருக்கே, அதை என்ன பண்றதா உத்தேசம்?”

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். மகோகாவின் பேச்சு அதோடு படுத்துக்கொண்டது.

அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கென்யாவில், நகுருவில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். மகோகா ஏற்கெனவே நின்று தோற்றவர். இந்த முறையும் தோற்றால் தன் இரும்புக்கடைக்குப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போகவேண்டியிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிர்த்து நிற்கும் கிப்ரோனோ, வாசல் கேட் அருகே பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் கம்ப்யூட்டர் கேம் ஆடக் கடை வைத்திருப்பவர். எதிராளியின் பிழைப்பையே கொள்கையாக எதிர்க்கும் பாக்கியம் எல்லா வேட்பாளருக்கும் வாய்ப்பதில்லை.

“கண்ணு போகுது, படிப்பு போகுது, பிள்ளை வீட்ல இருந்தும் இல்லாத மாதிரி ஆகுது!” என்று மகோகா முழங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

கேட்டதிலும் தப்பில்லை. தோஹாவில் வேலை பார்க்கும் மச்சான் போன கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கென்று அனுப்பிய கேம் பெட்டி, மகோகா வீட்டு டிவிக்குக் கீழே கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

அன்று மாலையே மகோகா ஒயர்களைப் பிடுங்கிப் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி நஃபூலா.

“பிள்ளைங்களைக் காப்பாத்துறேன்.”

நஃபூலா அடுக்களைக்குப் போனாள். அன்று ராத்திரி உகாலிக் களி வேகாமல் வந்தது.

மகள் லவீனாவைக் கூப்பிட்டுக் கேட்டார். “அந்தப் பெட்டி இல்லாம இருந்துப்பியாம்மா?”

“இருந்தா மட்டும் என்ன?” என்றாள் லவீனா, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் எங்களிடம் வந்து வருத்தப்பட்டார். “பார்த்தீங்களா? பிள்ளைக்கு உணர்ச்சியே மரத்துப்போச்சு. அந்த அளவுக்குப் பண்ணிடுச்சு அது.”

நாங்களும் உச்சுக்கொட்டினோம்.

சனிக்கிழமை மதியம் பெண்களின் பணச் சீட்டுக் குழு கூடும். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கூடியது, இந்த வருஷம் முழுக்க மகோகா வீட்டிலேயே கூடியது. தன் மேல் உள்ள மரியாதை என்று மகோகா சொல்லிக்கொண்டார். சீட்டுக் குழு உள்ளே இருக்கும்போது கதவு சாத்தியிருக்கும். புருஷன்மார் கடைக்கும் பிள்ளைகள் முற்றத்துக்கும் போய்விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை உள்ளே போன வேகத்திலேயே பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். மண்டாஸி பலகாரத் தட்டு தொடப்படாமல் கிடந்தது.

கேட் அருகே மகோகாவைக் குழுவின் பொருளாளர் செரோனோ அம்மா மடக்கினார். சர்ச் மாதர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. வெள்ளைத் தலைத்துணி. யார் கல்யாணத்திலும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“பெட்டியைப் பூட்டிட்டீங்களாமே?”

“ஆமாம்மா.”

செரோனோ அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நடந்தார்.

“பூட்டினது போதலை” என்று எங்களிடம் வந்தார் மகோகா. “வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் அவங்க ஓட்டு விழாது. அவங்களுது விழலைன்னா ஒரு பொம்பளை ஓட்டும் விழாது.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதிரியாரிடம் ஒப்படைத்தார். ரெண்டு நாளில் பாதிரியார் போன் செய்தார்.

“மகோகா, தயவுசெஞ்சு வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. பெண்கள் கூட்டங்கூட்டமா வர்றாங்க. அதை எங்க வச்சிருக்கீங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு ஒரே விசாரணை. ஜெபத்துக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை.”

“சர்ச்சுக்குள்ள அது இருக்கிறதைப் பொறுக்க முடியல பாருங்க!” என்று மகோகா நெகிழ்ந்துபோனார். “எப்பேர்ப்பட்ட பெண்கள்!”

இதற்குள் கிப்ரோனோவும் கூட்டம் போட்டார். மனுஷனுக்குப் பேச வராது. எழுந்து நின்று ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தார். “இனிமே சனிக்கிழமை மதியம் என் கடைக்குள்ள ஒரு பிள்ளையையும் விடமாட்டேன்.” உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் தட்டிய கைதட்டலில் தகரக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின.

“என் கொள்கையைத் திருடிட்டான்!” மகோகா அலறினார். “அதுவும் கால்வாசிதான் திருடியிருக்கான். நான் முழுசாச் செஞ்சு காட்டறேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம். சர்ச் முற்றத்தில் மேஜை. மேஜை மேல் பெட்டி. பக்கத்தில் தன் கடையிலேயே பெரிய சுத்தியலாகப் பார்த்து எடுத்துவந்த மகோகா.

“நம்ம பிள்ளைங்களுக்காக!” என்றார்.

“வேண்டாம்!” என்று ஒரு குரல் கிழிந்தது. அது நஃபூலா. தன் கை அடிபட்டுவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று மகோகா நினைத்து, அவளைப் பார்த்துத் தைரியமாகச் சிரித்துவிட்டு, ஓங்கி அடித்தார். பெட்டி அரிசிப்பொரி மாதிரி சிதறியது. செரோனோ அம்மா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். முன்வரிசை முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம்.

“அழுதாங்க, கவனிச்சீங்களா?” என்றார் எங்களிடம், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. “மனந்திரும்புறதுன்னா இதுதான். நான் ஜெயிச்சாச்சு.”

எங்கள் சங்கத் தேர்தலில் வாக்குப்பெட்டி கிடையாது. வேட்பாளர்கள் முற்றத்தில் நிற்பார்கள், வேண்டியவர் பின்னால் வரிசை கட்ட வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். என்னைப் போன்றவர்களுக்கு ரொம்ப வசதியான முறை.

கிப்ரோனோவின் வரிசை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனது. முதல் ஆளாக நஃபூலா நின்றாள். மகோகாவுக்குப் பின்னால் நாங்கள் சில ஆண்கள் நின்றோம். எதிர் வரிசையிலிருந்து எங்கள் வீட்டம்மாக்கள் ஒரு பார்வை பார்த்தார்கள். நாங்களும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டோம்.

மகோகா திரும்பிப் பார்த்தார். பின்னால் வெயில் மட்டும் நின்றிருந்தது.

அவர் நேராகச் செரோனோ அம்மாவிடம் போனார்.

“ஏம்மா, நான் என்ன குறை வச்சேன்? எல்லாம் பிள்ளைங்களுக்காகத்தானே செஞ்சேன்?”

செரோனோ அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

“பிள்ளைங்க கையில அந்தப் பெட்டியை நாங்க என்னைக்குக் குடுத்தோம்? நீங்க பூட்டினீங்களே, அந்த வாரச் சனிக்கிழமைதான் எனக்கும் உங்க நஃபூலாவுக்கும் இறுதிப் போட்டி, லவீனா அப்பா.”