ஸ்பானர் மிஸ்ஸின் செய்முறைத் தேர்வு

ஜவ்வாது மலையில் ஓடிய எந்த ஜீப்பும் ஸ்பானர் மிஸ்ஸுக்குத் தெரியாமல் இருமியதே கிடையாது. வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஏதோ உறுமும். "கோவிந்தன் வண்டி. ரெண்டாவது கியர்ல ஏற மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, பலகையில் விட்ட இடத்திலிருந்து எழுதுவார். பத்து நிமிஷத்தில் கோவிந்தனின் ஜீப் திணறிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும்.

அந்த மலைப் பள்ளியில் நான் வணிகவியல் ஆசிரியர். அவர் பிளஸ் டூ தொழிற்பிரிவில் ஆட்டோமொபைல் பயிற்றுநர். கைப்பையில் குடை, டிபன் பாக்ஸோடு பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்றும் எப்போதும் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

அவர் வருகைப் பதிவு எடுக்கும் முறையே தனி. பெயர் கூப்பிட மாட்டார். செய்முறை வகுப்பு முடிந்ததும் பதினோரு பேரும் கையை நீட்ட வேண்டும். கிரீஸ் இருந்தால் பிரசென்ட், சுத்தமாக இருந்தால் ஆப்சென்ட்.

"மிஸ், நான் காலையிலேர்ந்து இங்கதான் மிஸ் இருக்கறன்" என்று ஒருத்தன் அழாத குறையாகக் கெஞ்சினான்.

"நீ வந்துட்ட. உன் கை இன்னும் வர்ல."

தலைமை ஆசிரியர் இதைத் தட்டிக் கேட்கப் போனார். மிஸ் அவர் கையையும் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

தொழிற்பிரிவு இருந்ததே தவிர, பழகிப் பார்க்க வண்டி கிடையாது. மிஸ் அதற்கும் வழி கண்டுபிடித்தார். சாலையில் நின்று ஷேர் ஜீப்புகளை மறிப்பார். புளி மூட்டையோடு சனங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பிள்ளைகள் வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார்கள்.

"இன்னா டீச்சர், சந்தைக்கு நேரமாவுது" என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார்.

"பிரேக் இல்லாம போனா சீக்கிரமாவே போய்ச் சேந்துடலாம். போறீங்களா?"

பெரியவர் இறங்கி, மரத்தடியில் வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பதினோரு பேரில் செல்வி என்றொரு பெண். ஓசூர்ப் பக்கம் ஒரு வண்டித் தொழிற்சாலையில் அவளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் செய்முறைத் தேர்வில் தேறியாக வேண்டும். தேர்வு தள்ளிப்போனால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

தேர்வுக்கு முந்தின நாளே மிஸ் கோவிந்தனின் ஜீப்பைப் பள்ளிக்குள் நிறுத்தி, கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டைக் கழற்றிச் சாக்கில் பரப்பிவிட்டார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கண் முன்னால் பிள்ளைகள் அதை மாட்டிக் காட்ட வேண்டும். அருமையான ஏற்பாடுதான். தேர்வாளரை மலையடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து ஏற்றிவர வேண்டியதும் அதே ஜீப்தான் என்பது மிஸ்ஸுக்கும் தோன்றவில்லை, கோவிந்தனுக்கும் தோன்றவில்லை.

காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. அன்று பஸ்ஸும் இல்லை. மற்ற ஜீப்புகள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன.

"மேடம், வண்டி எங்க? பன்னெண்டு வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் கெளம்பிடுவேன்" என்றார் தேர்வாளர்.

மிஸ் சாக்கில் கிடந்த கிளட்ச் பிளேட்டைப் பார்த்தார். "வண்டி பரிட்சையில இருக்குது சார். முடிச்சிட்டு வரும்."

செல்வி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எந்தப் பக்கம் நகர்த்துவது என்று கத்த, மற்ற பத்துப் பேரும் கியர் பாக்ஸைத் தாங்கிப் பிடித்தார்கள். மிஸ் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. தொட்டால் அது அவருடைய பரிட்சை ஆகிவிடுமாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பத்தே முக்காலுக்கு ஜீப் கிளம்பியது.

"நீங்களும் போங்க சார், மரியாதையா இருக்கும்" என்று என்னையும் ஏற்றிவிட்டார். மரியாதைக்கு இல்லை, காலி வண்டி வளைவில் துள்ளாமல் இருக்க ஒரு பாரம் வேண்டும் என்பதற்காக என்று கோவிந்தன் பிறகு சொன்னார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன்.

திரும்பி ஏறும்போது தேர்வாளர் உற்சாகமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். "கிளட்ச் நல்லா சாஃப்ட்டா இருக்குதே, எங்க வேல பாத்த?" என்று கோவிந்தனைக் கேட்டார்.

"நம்ம ஸ்கூல் பசங்கதான் சார். நீங்க போன் பண்ணப்போ கீழ கெடந்துச்சு."

தேர்வாளர் கம்பியைப் பிடித்தவர், பள்ளி வரும்வரை விடவில்லை.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் மதிப்பெண் போட முடியாது என்றுவிட்டார். பிள்ளைகள் மறுபடி கழற்றி, மறுபடி மாட்டினார்கள். கடைசி போல்ட்டை அவரே இரண்டு முறை முறுக்கிப் பார்த்தார். அதே வண்டியில் மலை இறங்க வேண்டியவர் அவர்தானே! பதினோரு பேரும் பாஸ்.

செல்வி ஓசூருக்குக் கிளம்பிய அன்று மிஸ்ஸும் லீவ். வேலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லி, அடுத்த செட் பிள்ளைகளின் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியாத நான் இரண்டு நாள் இன்ஜின் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் பெருந்தன்மையோடு சந்தேகம் கேட்காமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் மிஸ் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"ஸ்பேர் பார்ட்ஸ் எங்க மேடம்?"

"கடை மூடியிருந்துச்சு சார்."

"ரெண்டு நாளுமா?"

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தப் பொண்ணு ஹாஸ்டல் ரூம்ல தாழ்ப்பா ஆடிக்கினு இருந்துச்சு. நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டிட்டு வந்தேன்."

இன்னும் இரண்டு நாள் கேட்டிருந்தாலும் அந்த வகுப்பில் நான் நின்றிருப்பேன்.