பதினொரு சமோசாவும் ஓர் அகரமும்

வயிறு முட்டத் தின்ற ஆசிரியரால் எதையும் கற்றுத்தர முடியாது. பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் சொல்லவில்லை (சொன்ன அன்று நான் மட்டம் போட்டிருக்கலாம்). யாங்கோனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானாகவே கண்டுபிடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்நகரின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு, ஆறு மாதம் பாடம் நடத்தத் திருச்சியிலிருந்து போயிருந்தேன். கடல் கடந்து தமிழ் வளர்க்கப்போகிறேன் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். வகுப்பின் செயலாளர் ஊ மாணிக்கம் (அங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'ஊ' உண்டு) முதல் நாள் காலையிலேயே நிலவரத்தைச் சொல்லிவிட்டார்.

"பிள்ளைங்களுக்கு நாம பேசுறது வெளங்கும், சயாமா. வாயத் தொறந்தா பர்மாதான். இன்னிக்குப் பதினாலு பேர் வருவாங்க. அடுத்த வாரம் பத்துக்குக் கொறஞ்சா, கூடத்தை இங்கிலீசு வகுப்புக்குக் குடுத்துருவாங்க."

சயாமா என்றால் டீச்சரம்மா. அந்த மரியாதையிலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது. மீதியை நிரப்ப டீக்கடைக்கு அழைத்துப்போனார்.

உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டில் நான்கு சமோசா வந்தது. அந்த ஊர் வழக்கம் அப்படி. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டால், அது அடுத்த மேசைக்குப் போகும். இது எனக்குத் தெரியாது. விருந்தாளி தட்டில் மிச்சம் வைத்தால் அழைத்தவர் மனம் நோகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நாகரிகம். ஊ மாணிக்கம் ஒன்றை எடுத்தார். நான் மூன்றைத் தின்று தட்டைக் காலி செய்தேன். கடைக்காரர் அடுத்த தட்டை வைத்தார்.

"பசியோ, சயாமா?" என்றார் ஊ மாணிக்கம்.

"இல்லைங்க. ரொம்ப நல்லா இருக்கு."

அவர் பயபக்தியோடு தலையாட்டினார். எதிராளி சங்கடப்படுவாரே என்று வாயை மூடிக்கொள்வதற்குப் பர்மியர்கள் 'ஆனாதே' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அவர் ஆனாதேயால் சொல்லவில்லை. நான் நாகரிகத்தால் நிறுத்தவில்லை. மூன்றாவது தட்டும் காலியானது. என் பங்கு பதினொன்று. நான்காவது வருவதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கூடத்தில் பதினான்கு பிள்ளைகள் கைகட்டி நின்றார்கள். பின்னால் பெற்றோர், புது டீச்சரை எடைபோட. (எடை அன்று கணிசமாகக் கூடியிருந்தது.) கரும்பலகையில் பெரிதாக 'அ' எழுதிவிட்டுத் திரும்பினேன்.

"அ..." என்றேன். உடனே ஒரு விக்கல்.

"அ... விக்!" என்றது வகுப்பு.

சயாமா சொல்வதை ஒரே குரலில், பிசகாமல் திருப்பிச் சொல்வதுதான் அவர்கள் பழகிய படிப்பு. விக்கலை மட்டும் கழித்துவிட அவர்களுக்கு என்ன உரிமை? "ஆ" என்றேன், அதற்கும் விக்கல் வந்தது, வகுப்பும் விக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். முன்வரிசையில் பவானி என்ற ஒன்பது வயதுப் பெண் கை தூக்கினாள்.

"சயாமா, 'இ'க்கும் அந்தச் சத்தம் வருமா?"

பெற்றோர் சிரித்த சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. ஊ மாணிக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வாரத்தில் ஊர் திரும்பி, தெருவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி 'ஔ' வரை விக்கி முடித்தேன்.

அடுத்த ஞாயிறு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் ஓயாமல் 'அ, விக்' என்று கத்தியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்களாம். அன்று எனக்கு விக்கல் வராதது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

இன்றும் கல்யாணப் பந்தியில் என் இலை காலியானால் போதும், "சயாமா, போதும்" என்று என் கணவர் இலையை மூடிவிடுகிறார். அந்த வகுப்பை இப்போது பவானி நடத்துகிறாள். போன மாதம் வீடியோ அழைப்பில் தன் வகுப்புப் பிள்ளைகளை எனக்குக் காட்டினாள். கைகட்டி நின்று, பன்னிரண்டு உயிரெழுத்தையும் பன்னிரண்டு விக்கலோடு சொன்னார்கள்.

"அதை எடுத்துடக் கூடாதா, பவானி?" என்றேன்.

"எப்படி சயாமா? நீங்க சொல்லிக் குடுத்தது," என்றாள்.