நாலு கை மாமா

வலிக்கிற கைக்குத்தான் வைத்தியம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

நாமக்கல் பக்கம் எனக்கு ஒரு கோழிப்பண்ணை. முட்டை அட்டைகளைத் தூக்கித் தூக்கி வலது முழங்கை பிடித்துக்கொண்டது. காபி டம்ளரை எடுத்தால்கூட உயிர் போகும். டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்றார். (டென்னிஸ் மட்டையை நான் தொட்டதே இல்லை, சத்தியமாக!) கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி, பிசியோதெரபிக்கும் அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி போன்.

"அண்ணா, இன்னும் மூணு வாரத்துல பையனுக்குக் காதுகுத்து. நீங்கதான் மடியில வெச்சுக் கெட்டியாப் புடிக்கோணும். இருக்கறது ஒரே மாமன்!"

பிசியோதெரபி அம்மிணி அரைக் கிலோ எடையைக் கொடுத்து, "அந்தக் கையால தூக்கிக் குடுங்க, இந்தக் கையால மெதுவா இறக்குங்க. வாரம் ஒருக்கா வந்து காட்டோணுங்ணா" என்றது. நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். (ஒரு மண்ணும் புரியவில்லை.)

டாக்டர் ஓய்வு என்கிறார், அம்மிணி பயிற்சி என்கிறது. குழம்பித் தவித்துக் கடைசியில் என் பண்ணை மூளை வேலை செய்தது. நோவு கண்ட கோழியைத் தனியாக அடைத்துவிட்டு, நல்ல கோழிக்குத்தானே தடுப்பூசி போடுகிறோம்? ஆக, வலது கைக்கு ஓய்வு, இடது கைக்குப் பயிற்சி! அரைக் கிலோ எந்த மூலைக்கு என்று மூன்று கிலோ தீவனப் பையைத் தூக்கினேன். மறுபடி அம்மிணியிடம் போனது காதுகுத்துக்கு முந்தின நாள்தான், இடது முழங்கையும் போன பிறகு.

"எந்தக் கைக்குங்ணா பயிற்சி செஞ்சீங்க?"

"நல்ல கைக்குத்தானுங்க."

"வலிக்கிற கைக்குத்தானுங்ணா வைத்தியம்!" என்று அம்மிணி தலையில் அடித்துக்கொண்டது.

மறுநாள் கோயிலில் மருமகனை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் பயல் வீறிட்டுத் துள்ளினான். என் இரண்டு கையும் ஒரே சமயத்தில் விட்டுப்போக, ஒற்றைக் காதோடு ஓடியே போனான். சொந்தபந்தம் மொத்தமும் துரத்தி, சமையல் அண்டாவுக்குப் பின்னாலிருந்து பிடித்து வந்தது.

"வேற யாராச்சும் மடியில வெச்சுக் குத்திப்புடலாமுங்க" என்றார் யாரோ. தங்கச்சி அழுதுவிட்டாள்.

என் மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். என் அக்குள் வழியாக இரண்டு கையையும் விட்டுப் பையனை இறுக்கிப் பிடித்தாள்.

"மடி மாமன் மடிதானுங்க. குத்துங்க ஆசாரி!"

அப்போது எடுத்த போட்டோ தங்கச்சி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மருமகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். என்னைக் கூப்பிடுவதே 'நாலு கை மாமா' என்றுதான். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் போட்டோ முன்னால் நிறுத்தி, "இதுல மாமன் கை எது, சொல்லுங்க பாக்கலாம்?" என்பான்.

போன பொங்கலுக்கு என்னையே கேட்டான். வளையலைப் பார்த்துத்தான் நானே சொன்னேன்.